ஒரே நோயாளிக்கு இரண்டு ஆல்புமின் எண்கள்: அளந்த முறையை ரிப்போர்ட்டில் எழுத வேண்டாமா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். எங்களிடம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு நாங்கள் கொடுத்த சீரம் ஆல்புமின் (இரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதம்) டெசிலிட்டருக்கு 3.6 கிராம். அதே வாரத்தில் வெளி ஆய்வகம் ஒன்றில் எடுத்துப் பார்த்தபோது 3.0 என்று வந்திருக்கிறது. மொத்தப் புரதம் இரண்டு இடத்திலும் 6.8 தான், அதில் வேறுபாடே இல்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு எது தவறு என்று நோயாளியின் மகன் கேட்கிறார். மருத்துவரும் அதையே கேட்கிறார்.

எங்கள் தரக்கட்டுப்பாட்டு சீரம் (அளவு முன்பே தெரிந்த சோதனைப் பொருள்) அன்று காலை இரண்டு நிலைகளிலும் வரம்புக்குள் இருந்தது. வெளி ஆய்வகத்தைத் தொலைபேசியில் விசாரித்ததில் அவர்களுடையதும் சரியாகவே இருந்திருக்கிறது. நாங்கள் பயன்படுத்தும் சாயம் புரோமோகிரசால் கிரீன். அவர்களுடையது புரோமோகிரசால் பர்ப்பிள். இந்த ஒரு வேறுபாடு 0.6 கிராம் வரை இழுக்குமா? அவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டால் குளோபுலின் (ஆல்புமின் போக மீதமுள்ள புரதம்) 3.8 ஆகி, ஆல்புமின்–குளோபுலின் விகிதம் 0.8 எனத் தலைகீழாகிவிடுகிறது. அதைப் பார்த்த மருத்துவர் எலக்ட்ரோபோரெசிஸும் (புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை) எழுதிவிட்டார். அதன் முடிவு வந்ததும் இங்கே பகிர்கிறேன்.

நிறமானி:

இழுக்கும். சிறுநீரக நோயாளிகளிடம் இந்தச் சாயங்களுக்கு இடையே ஏறக்குறைய அரை கிராம் வேறுபாடு காணப்படுவது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. உங்கள் இரண்டு எண்களும் அந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன. எது தவறு என்ற கேள்விக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் எதைப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும்.

மொத்தப் புரதம் ஒத்துப்போனதற்கான காரணத்திலிருந்து தொடங்குகிறேன். பையூரெட் முறையில் காரக்கரைசலில் உள்ள தாமிர அயனி பெப்டைடு பிணைப்புகளோடு சேர்ந்து ஊதா நிறம் தருகிறது. அதை 540 நானோமீட்டரில் அளக்கிறோம். பெப்டைடு பிணைப்பு எல்லாப் புரதத்துக்கும் பொதுவானது. ஆகவே ஆல்புமினாக இருந்தாலும் குளோபுலினாக இருந்தாலும் கிராமுக்குக் கிராம் கிட்டத்தட்ட ஒரே நிறம்தான் வரும். தனி அமினோ அமிலங்களில் அந்தப் பிணைப்பு இல்லாததால் அவை இதில் தெரிவதே இல்லை. இந்த எளிமையால்தான் பையூரெட் இன்றும் நிலைத்து நிற்கிறது.

ஆல்புமின் கதை வேறு. புரோமோகிரசால் கிரீன் முறையில் கரைசலின் பி.எச். 4.2 அளவில் வைக்கப்படுகிறது. அந்நிலையில் ஆல்புமின் நேர்மின்னூட்டம் பெறுவதால் எதிர்மின்னூட்டமுள்ள சாயம் அதனோடு பிணைகிறது. மஞ்சளாக இருந்த கரைசல் நீலப்பச்சையாக மாறுகிறது. ஆனால் அதே சாயம் ஆல்ஃபா, பீட்டா குளோபுலின்களோடும் மெதுவாகச் சேரும். உடலில் அழற்சி இருந்து ஆல்ஃபா குளோபுலின்கள் பெருகியிருந்தாலோ, சிறுநீரில் புரதம் பெருமளவு கசியும் நெஃப்ரோடிக் நிலையில் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் ஏறியிருந்தாலோ, அவை எழுப்பும் நிறமும் ஆல்புமினின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆல்புமின் எவ்வளவு குறைவோ, இந்தக் கூடுதல் பங்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும்.

புரோமோகிரசால் பர்ப்பிளுக்குக் குளோபுலின்கள் மீது இந்த நாட்டம் குறைவு. அதனால் ஆன்டிபாடி கொண்டு அளக்கும் முறைகளோடு அது நன்றாக ஒத்துப்போகிறது. அதற்கும் ஒரு குறை உண்டு. யூரியா மிகுந்த இரத்தத்தில் யூரியாவிலிருந்து உண்டாகும் சயனேட், ஆல்புமினின் லைசின் பக்கங்களில் ஒட்டிக்கொள்கிறது. அப்படி மாற்றமடைந்த ஆல்புமின் இந்தச் சாயத்தைச் சரியாகப் பிணைப்பதில்லை. டயாலிசிஸ் நோயாளியிடம் ஒரு சாயம் மேலே தள்ளும்போது மற்றது சில வேளைகளில் சற்றுக் கீழே இழுக்கும். உண்மையான அளவு இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் பர்ப்பிளின் பக்கம் நெருங்கி இருக்கும் என்பது என் கணிப்பு.

தரக்கட்டுப்பாட்டு சீரம் வரம்புக்குள் இருந்தது பற்றியும் ஒரு சொல். அந்தக் குப்பியில் இருப்பது நோயாளியின் சீரம் அல்ல. அதில் அழற்சியும் இல்லை, யூரேமியாவும் இல்லை. முறையின் சார்பு (ஒரு பக்கமாகச் சாயும் பிழை) வெளிப்பட வேண்டிய இடமே அங்கு இல்லாதபோது அது வரம்பைத் தாண்ட வழியில்லை. மாட்டு ஆல்புமின் கலந்த கட்டுப்பாட்டுப் பொருளாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை, ஏனெனில் பர்ப்பிள் சாயம் மனித ஆல்புமினோடு சேர்வதுபோல் அதனோடு சேர்வதில்லை.

கண்ணாடிக்குழாய்:

நிறமானி ஐயா, குளோபுலின் மெதுவாகச் சேரும் என்றீர்கள். அந்த 'மெதுவாக' என்பதில்தான் எங்களைப் போன்ற சிறிய ஆய்வகங்களின் பாடு இருக்கிறது. எங்களிடம் இருப்பது செமி ஆட்டோ அனலைசர். காலையில் இருபது மாதிரிகள் சேர்ந்தால், எல்லாக் குழாய்களிலும் ரீஏஜென்டை ஊற்றி, மாதிரியைச் சேர்த்து, ஸ்டாண்டில் வரிசையாக வைத்துவிட்டு, முதல் குழாயிலிருந்து ஒவ்வொன்றாக உறிஞ்சவிட்டுப் படிப்போம். முதல் குழாய் படிக்கப்படும் நேரத்துக்கும் கடைசிக் குழாய் படிக்கப்படும் நேரத்துக்கும் இடையில் பல நிமிடங்கள் ஓடிவிடுகின்றன. அப்படியானால் வரிசையில் கடைசியாக நிற்கும் நோயாளியின் ஆல்புமின் சற்றுக் கூடுதலாக வர வாய்ப்புண்டா?

நிறமானி:

உண்டு, அதுவும் குளோபுலின் மிகுந்த நோயாளியாக இருந்தால் தெளிவாகவே உண்டு. ஆல்புமின் சாயத்தோடு சேர்வது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் மெல்ல ஏறும் நிறம் பெரிதும் குளோபுலின்களுடையது. முழுத் தானியங்கிக் கருவிகளில் முதல் 30 நொடிக்குள் படிக்கும்படி அமைத்தால் இந்தச் சார்பு வெகுவாகக் குறைகிறது. உங்கள் கிட்டின் தாளில் ஐந்து நிமிடம் வைத்துப் படிக்கச் சொல்லியிருந்தால் எல்லாக் குழாய்களையும் அதே ஐந்தாவது நிமிடத்தில் படியுங்கள். மாதிரி சேர்ப்பதை ஒரே மூச்சில் முடிக்காமல், ஒவ்வொரு குழாய்க்கும் இடையில் படிக்க ஆகும் நேரத்தை விட்டுச் சேர்த்தால் போதும். சார்பு மறையாது, ஆனால் எல்லாருக்கும் ஒரே சார்பாக இருக்கும். மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவருக்கு அதுவே பெரிய உதவி.

மாலைரவுண்ட்ஸ்:

சிறுநீரகப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். ஆய்வகத்தார் இதை நுட்பச் சிக்கலாகப் பேசுகிறீர்கள். எங்களுக்கு இது மருந்து எழுதுவதா வேண்டாமா என்ற முடிவாக வந்து நிற்கிறது. மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் உள்ளவருக்கு ஆல்புமின் மிகவும் இறங்கினால் இரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கும் அபாயம் கூடுகிறது. உறைவெதிர் மருந்தைத் தடுப்பாகத் தொடங்குவது பற்றிச் சிந்திக்கும் எல்லையை, சிறுநீரக நோய்களுக்கு வழிகாட்டி வகுக்கும் கே.டி.ஐ.ஜி.ஓ. அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி கிரீன் சாயத்துக்கு 2.5 கிராம் என்றும், பர்ப்பிள் சாயமோ ஆன்டிபாடி முறையோ ஆனால் 2.0 கிராம் என்றும் பிரித்தே சொல்கிறது. ரிப்போர்ட்டில் வெறுமனே 2.3 என்று மட்டும் இருந்தால் நான் எந்த எல்லையோடு ஒப்பிடுவது? ஒன்றின்படி அவருக்கு மருந்து தேவை, மற்றதன்படி தேவையில்லை. இரத்தத்தை இளக்கும் மருந்து, இரத்தக்கசிவு என்ற தன் அபாயத்தோடுதான் வருகிறது.

கால்சியமும் இதில் மாட்டிக்கொள்கிறது. ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 மில்லிகிராம் கூட்டித் திருத்துவது வழக்கம். வைகைக்கரையின் நோயாளிக்கு அளந்த கால்சியம் 8.4 என்று வைத்துக்கொண்டால், அவர்கள் எண்ணின்படி திருத்திய கால்சியம் 8.7, வெளி ஆய்வக எண்ணின்படி 9.2. டயாலிசிஸ் நோயாளிக்கு வைட்டமின் டி மருந்தின் அளவைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்பது இந்த இடைவெளியில் மாறக்கூடும். இதனாலேயே, முடிந்த இடங்களில் அயனிக் கால்சியத்தை நேரடியாக அளந்துவிடுவதை நான் விரும்புகிறேன்.

வைகைக்கரை:

மிக்க நன்றி. இரண்டு செய்திகள். முதலாவது, எங்கள் மேற்பார்வையாளர் கிரீன் எண்ணிலிருந்து 0.5 கழித்து 'திருத்திய ஆல்புமின்' என்று அச்சிட்டுவிடலாமே என்கிறார். இது சரியாகுமா?

இரண்டாவது, எலக்ட்ரோபோரெசிஸ் முடிவு வந்துவிட்டது. காமா பகுதி சீராகத்தான் இருக்கிறது. ஆனால் பீட்டாவுக்கும் காமாவுக்கும் இடையில் மெல்லிய, கூர்மையான ஒரு பட்டை தெரிகிறது என்றும், மோனோகுளோனல் பட்டையாக (ஒரே செல் கூட்டம் சுரக்கும் ஒரே வகை ஆன்டிபாடி) இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய்) என்ற சொல்லை யாரோ சொல்லிவிட, குடும்பமே கலங்கிப்போயிருக்கிறது. ஆல்புமினில் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது.

நிறமானி:

கழிக்க வேண்டாம். அந்த அரை கிராம் ஒரு கூட்டத்தின் சராசரி. அழற்சியின் அளவையும் ஆல்புமினின் அளவையும் பொறுத்து ஆளுக்கு ஆள் அது மாறும். நலமான ஒருவரிடம் இல்லாமலே போகலாம். நிலையான எண்ணைக் கழித்தால் ஒரு பிழையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்ததாகும். அளந்ததை அளந்தபடியே கொடுத்து, முறையின் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். பட்டையைப் பற்றி என்னைவிட அதை நாள்தோறும் பார்ப்பவர்கள் சொல்லட்டும்.

பட்டைவாசிப்பு:

குடும்பத்தாரிடம் இப்போதைக்கு எந்த நோயின் பெயரையும் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரிடம் தெரிவியுங்கள். முதலில் ஒரு கேள்வி: அந்த இரத்தம் டயாலிசிஸ் நடக்கும்போதோ, முடிந்த கையோடோ எடுக்கப்பட்டதா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. எலக்ட்ரோபோரெசிஸுக்கு சீரம்தான் வேண்டும். இரத்தம் முழுமையாக உறைந்து, ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதம் கட்டியோடு போய்விட்டிருக்க வேண்டும். டயாலிசிஸ் சுற்றில் ஹெப்பரின் என்ற உறைவெதிர் மருந்து ஓடுகிறது. அந்த நேரத்தில் எடுத்த இரத்தம் சிவப்பு மூடிக் குழாயிலேயே போனாலும் சரியாக உறையாது. மையவிலக்கியில் சுழற்றினால் மேலே தெளிந்த திரவம் வரும். பார்ப்பதற்கு சீரம் போலவே இருக்கும், ஆனால் அதில் ஃபைப்ரினோஜன் மிச்சமிருக்கும். அது வந்து நிற்கும் இடம் பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவில்தான். அது ஒரே வகைப் புரதம் ஆனதால் குறுகிய, கூர்மையான பட்டையாகவே தெரியும். மோனோகுளோனல் பட்டைக்கும் அதற்கும் கண்ணால் மட்டும் வேறுபாடு சொல்வது கடினம்.

தீர்த்துக்கொள்ள இரண்டு வழிகள். மீதமுள்ள மாதிரியில் இரத்தத்தை உறையவைக்கும் திராம்பினைச் சிறிது சேர்த்து, உறையவிட்டு, மீண்டும் சுழற்றி ஓட்டிப் பாருங்கள். ஃபைப்ரினோஜன் என்றால் பட்டை மறைந்துவிடும். அல்லது இம்யூனோஃபிக்சேஷன் (ஆன்டிபாடியின் வகையைக் காட்டும் பரிசோதனை) செய்யுங்கள், ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம்., கப்பா, லாம்டா எந்தத் தடத்திலும் அந்த இடத்தில் கோடு விழவில்லை என்றால் அது இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) அல்ல. டயாலிசிஸுக்கு முன் புதிதாக எடுத்த மாதிரி கிடைத்தால் அதுவே மிக நல்லது.

இந்தத் துறையில் இவ்வகை மாறுவேடங்கள் பல உண்டு. சிவப்பணுக்கள் உடைந்த மாதிரியில் ஹீமோகுளோபின் ஹாப்டோகுளோபினோடு சேர்ந்து ஆல்ஃபா-2 பகுதியிலும், தனித்து நின்றால் பீட்டா பகுதியிலும் தலைகாட்டும். கேபிலரி முறையில் புரதத்தைச் சாயமேற்றாமல் புற ஊதா ஒளியில் நேரடியாகப் படிப்பதால், ஸ்கேனுக்குச் செலுத்திய அயோடின் மருந்துகூட ஒரு முகடாக எழும். மைலோமாவுக்கு டாராட்டுமுமாப் பெறுபவரிடம் அந்த மருந்தே ஐ.ஜி.ஜி. கப்பா பட்டையாகத் தெரிகிறது. நோய் போன பின்னும் போகாததுபோல் காட்டும். 1930களில் டிசேலியஸ் சீரத்தை மின்புலத்தில் ஓட்டி ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பகுத்துக் காட்டினார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். இத்தனை காலம் கழிந்தும், அந்தப் படத்தைப் படிப்பதற்கு நோயாளியின் மருந்துச்சீட்டும் மாதிரி எடுத்த நேரமும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

மாலைரவுண்ட்ஸ்:

பட்டைவாசிப்பு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பட்டை ஃபைப்ரினோஜன் என்று தெரிந்தாலும், அந்த நோயாளியின் சிறுநீரகம் எதனால் பழுதானது என்பது முன்பே உறுதிசெய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் தெரியாத பழுது என்றால் சீரம் ஃப்ரீ லைட் செயின் பரிசோதனை (ஆன்டிபாடியின் சிறு சங்கிலிகளான கப்பா, லாம்டாவை அளப்பது) செய்வது நியாயமே. அப்போதும் எல்லையைக் கவனியுங்கள். கப்பா–லாம்டா விகிதத்தின் வழக்கமான எல்லை 0.26 முதல் 1.65 வரை, லைட் செயின்களை வெளியேற்றும் சிறுநீரகம் இயங்காதவர்களுக்கு 0.37 முதல் 3.1 வரை எடுத்துக்கொள்கிறோம். 2.2 என்று வந்த ஒருவரை வழக்கமான எல்லையோடு ஒப்பிட்டு மறுபடியும் மிரட்டிவிடக் கூடாது.

சிறுநீர் ஸ்டிரிப்பில் புரதம் இல்லை, ஆகவே மைலோமா இல்லை என்று முடிவு கட்டுவதையும் அடிக்கடி காண்கிறேன். ஸ்டிரிப் பெரும்பாலும் ஆல்புமினைத்தான் பார்க்கிறது. லைட் செயின் கொட்டிக்கொண்டிருந்தாலும் அதன் நிறம் மாறாமலே இருக்கலாம். 1840களில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஆராய்ந்த சிறுநீர்ப் புரதம் இதுவே. மெல்லச் சூடாக்கினால் 40 முதல் 60 டிகிரிக்குள் திரியும். கொதிநிலையை நெருங்கும்போது கரையும். ஆறினால் மீண்டும் திரியும். அது இம்யூனோகுளோபுலினின் லைட் செயினே என்பதை 1962இல் எடெல்மனும் காலியும் காட்டினார்கள். ஸ்டிரிப் நெகட்டிவ், சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தில் கலங்கல் என்று வந்தால் அந்த முரண்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

குதிகால்துளி:

பிறவி வளர்சிதைமாற்ற நோய்களுக்கான பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிகிறேன். நீங்கள் புரதத்தில் பேசுவது எங்கள் அமினோ அமில மேசையில் நாள்தோறும் நடக்கிறது. எங்களிடம் வருபவை பெரும்பாலும் சில நாள் வயதுக் குழந்தைகளின் மாதிரிகள் என்பதால் அதன் விளைவு இன்னும் கடுமையானது.

ஒரு மாதிரி வகையைச் சொல்கிறேன். பால் குடிக்காமல் வாந்தி எடுத்து மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு அம்மோனியா ஏறியிருக்கிறது. யூரியா சுழற்சிக் குறைபாடா (அம்மோனியாவை யூரியாவாக மாற்ற முடியாத பிறவி நோய்) என்று அறிய பிளாஸ்மா அமினோ அமிலங்கள் கேட்கிறார்கள். இரத்தம் எடுத்த இடத்தில் உடனே சுழற்றிப் பிரிக்காமல், அறை வெப்பத்தில் முழு இரத்தமாகவே பேருந்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். வந்து சேரும்போது பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருக்கிறது. சிவப்பணுக்களில் உள்ள ஆர்ஜினேஸ் நொதி வெளியே வந்து ஆர்ஜினினை ஆர்னிதினாக மாற்றிவிட்டிருக்கும். ஆர்ஜினின் குறைவு என்பது யூரியா சுழற்சிக் குறைபாடுகள் பலவற்றின் அடையாளம். இங்கே அது குழாய்க்குள் உண்டான குறைவு. குளுட்டமின் இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். அம்மோனியா மிகுந்தால் ஏறியிருக்க வேண்டிய குளுட்டமின், காத்திருந்த நேரத்தில் சிதைந்து குளுட்டமேட்டாக மாறிவிடுவதால், இருக்கும் நோய் இல்லாததுபோல் தெரியும். சிஸ்டினோ பிளாஸ்மா புரதங்களோடு பிணைந்துவிடுகிறது. பின்னர் புரதத்தை அமிலத்தால் வீழ்த்தி நீக்கும்போது சிஸ்டினும் அதோடு போய்விடும்.

எங்கள் வேண்டுகோள் எப்போதும் ஒன்றே. லித்தியம் ஹெப்பரின் குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, உடனே சுழற்றி, வெள்ளணுப் படலத்தைத் தொடாமல் மேலுள்ள பிளாஸ்மாவை மட்டும் பிரித்து, உறையவைத்து அனுப்புங்கள். வெள்ளணுக்களிலும் தட்டணுக்களிலும் டாரின் நிறைய உள்ளது. படலம் கலந்தால் டாரின் தாறுமாறாக ஏறும். அமினோ அமிலக் கரைசல் ஏறிக்கொண்டிருக்கும் குழாயின் வழியாக இரத்தத்தை எடுக்காதீர்கள். அப்படி எடுத்ததில் ஏறக்குறைய எல்லாமே கூடித் தெரியும்.

அளக்கும் முறையின் பார்வை எல்லை இங்கும் உண்டு. குதிகாலில் குத்தி வடிகட்டித் தாளில் எடுக்கும் உலர் இரத்தப் புள்ளியை, ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவி நோய்க்காக ராபர்ட் குத்ரி 1960களின் தொடக்கத்தில் பரவலாக்கினார். நார்வேயில் ஃபாலிங் அந்த நோயைக் கண்டறிந்தது 1934இல். குத்ரியின் முறையில் புள்ளியைச் சுற்றி வளரும் பாக்டீரியாவின் வளையத்தை அளந்தார்கள். இப்போது அந்தப் புள்ளியிலிருந்து துளையிட்டு எடுத்த சிறு வட்டத்தை டேண்டம் மாஸ் கருவியில் செலுத்திப் பல நோய்களை ஒரே ஓட்டத்தில் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கருவி பார்ப்பது நிறையை. லியூசின், ஐசோலியூசின், அல்லோஐசோலியூசின், ஹைட்ராக்சிபுரோலின் நான்கும் ஒரே நிறை கொண்டவை. ஆகவே ஸ்கிரீனிங் ரிப்போர்ட்டில் 'லியூசின்' என்று வரும் எண் இவற்றின் கூட்டுத்தொகை. அது ஏறியிருந்தால் மேப்பிள் சிரப் நோய் (லியூசின் போன்றவற்றை உடல் சிதைக்க முடியாத பிறவி நோய்) என்ற ஐயம் எழ வேண்டும்; ஆனால் உடலுக்குத் தீங்கற்ற ஹைட்ராக்சிபுரோலின் மிகுதியும் அதே எண்ணைத் தரும். பிரித்தறிய நிறப்பிரிகை (குரோமட்டோகிராபி) தேவை. அயனிப் பரிமாற்றக் குழாயில் ஒவ்வொன்றாகப் பிரித்து நின்ஹைட்ரினோடு வினைபுரியவிட்டு, 570 நானோமீட்டரிலும், மஞ்சளாக வரும் புரோலினுக்காக 440லும் படிக்கும் முறை, 1972இல் நோபல் பெற்ற மூரும் ஸ்டைனும் வளர்த்தெடுத்தது. மெதுவான முறைதான், ஆனால் அல்லோஐசோலியூசினைத் தனியே காட்டுகிறது. அது லிட்டருக்கு 5 மைக்ரோமோலுக்கு மேல் இருப்பது மேப்பிள் சிரப் நோய்க்கே உரிய சான்று.

இருந்தாலும், முதல் எண் ஏறியிருக்கிறது என்றவுடன் குழந்தையின் மருத்துவரை அழைத்துவிடுங்கள். உறுதிசெய்யும் வரை காத்திருக்கும் பொறுமை அந்த நோய்க்குக் கிடையாது. லியூசின் மூளையைத் தாக்கச் சில நாட்களே போதும்.

கண்ணாடிக்குழாய்:

ஹோமோசிஸ்டின் என்ற அமினோ அமிலத்துக்கும் இதே விதிதானா? எங்களிடம் மாதிரி எடுத்து மாலை வண்டியில் அனுப்புகிறோம். அண்மையில் வரும் ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் 20ஐத் தாண்டியே வருகின்றன.

குதிகால்துளி:

அதற்கு இன்னும் கண்டிப்பான விதி. இரத்தம் எடுத்த பின்னும் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டினை உண்டாக்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 10 சதவீதம் ஏறும். காலை எட்டு மணிக்கு 12 ஆக இருந்தது மாலைக்குள் 20ஐ எட்டுவது வியப்பில்லை. பனிக்கட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். பிரித்தபின் பயணம் செய்வதில் சிக்கல் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் குழாயின் மேல் போட்டுவிடவும் வேண்டாம். நம் ஊர்களில் மரக்கறி உணவு மட்டும் உண்பவர்களிடம் பி12 குறைவால் உண்மையாகவே ஏறியிருப்பதும் உண்டு. சில மாதிரிகளை அங்கேயே பிரித்து அனுப்பி, பிரிக்காததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வைகைக்கரை:

நிலவரம் இது. அந்த இரத்தம் டயாலிசிஸ் முடியும் தறுவாயில், சுற்றிலிருந்தே எடுக்கப்பட்டது என்று செவிலியர் உறுதிசெய்தார். இந்த முறை ஊசி ஏற்றுவதற்கு முன், ஹெப்பரின் தொடாத மாதிரியை எடுத்து, நன்றாக உறையவிட்டு, நானே சுழற்றிக் கொடுத்தனுப்பினேன். பட்டை இல்லை, இம்யூனோஃபிக்சேஷனும் சுத்தமாக வந்திருக்கிறது. நோயாளிக்கு நெடுநாள் சர்க்கரை நோய் உண்டு; சிறுநீரகம் பழுதானதற்கு அதுவே காரணம் என்று பயாப்சியில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது என மருத்துவர் சொன்னார். எனவே லைட் செயின் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று.

ஆல்புமின் வரியின் கீழே 'முறை: புரோமோகிரசால் கிரீன்' என்று அச்சிடுவதற்கு மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டார், கழித்துத் திருத்தும் யோசனை கைவிடப்பட்டது. டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரு பக்கச் சுற்றறிக்கையும் தயாராகிறது: புரதம் தொடர்பான மாதிரிகள் எல்லாம் சுற்றில் இணைப்பதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும், மாதாந்திர ஆல்புமின் ஒரே ஆய்வகத்தில் பார்க்கப்பட வேண்டும். பர்ப்பிளுக்கு மாறுவதாக இருந்தால் இரண்டு முறைகளிலும் இணையாக எத்தனை மாதிரிகள் ஓட்டிப் பார்ப்பது நல்லது?

நிறமானி:

நாற்பதுக்குக் குறையாமல் ஓட்டுங்கள். நலமானவர்களின் மாதிரிகளாகவே சேர்த்துவிடாமல், ஆல்புமின் 2க்கும் 3க்கும் இடையில் உள்ளவர்களும் டயாலிசிஸ் நோயாளிகளும் அதில் போதிய அளவு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முறை மாறும் நாளுக்கு முன்பே அந்தத் தேதியை மருத்துவர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கும் ஒரே நாளில் ஆல்புமின் இறங்கியதாகத் தோன்றும்.